சாவி மேஜையில், சர்டிபிகேட் கையில்

அத்தியாயம் 11

மருந்துக்கடையின் ஷட்டர் எட்டு மணிக்கு ஏறியது. எட்டு மணி ஒரு நிமிடத்துக்குச் சண்டை ஆரம்பித்தது.

சண்டைக்குக் காரணம் கண்ணாடி அலமாரி. மூன்று நாளாக அது பூட்டிக் கிடக்கிறது. உள்ளே இருப்பது அத்தனையும் ஆன்டிபயாடிக். சாவி மருமகளின் வெள்ளைக் கோட்டுப் பாக்கெட்டில்.

டாக்டர் சீட்டு இல்லாமல் இனி ஒரு மாத்திரை வெளியே போகாது என்று சொல்லிப் பூட்டியவள் அவள்தான். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து ஒன்றரை வருடம். இந்தக் கடைக்குப் பார்மசிஸ்டாக வந்தும் அதே ஒன்றரை வருடம். கல்யாணம் முடிந்த வாரமே அவளுடைய சர்டிபிகேட்டுக்குச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டிவிட்டார் மாமனார். அந்தக் காகிதம் சுவரில் இல்லாவிட்டால் கடை திறக்க முடியாது.

மாமனார் பார்மசிஸ்ட் இல்லை. டாக்டரும் இல்லை. ஆனால் தெரு முழுக்க அவரை 'டாக்டரய்யா' என்றுதான் கூப்பிடுகிறது. காரணம், அவருடைய ரெண்டு நாள் கவர்.

காய்ச்சல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கத்தரியை எடுப்பார். நாலு அட்டைகளிலிருந்து நறுக் நறுக்கென்று வெட்டுவார். ஒரு ஆன்டிபயாடிக், ஒரு வலி மாத்திரை, ஒரு வயிற்று மாத்திரை, குட்டியாக ஒரு வெள்ளை மாத்திரை. காலைக்கு ஒரு செட், ராத்திரிக்கு ஒரு செட். பழுப்புக் கவரில் போட்டு ஸ்டேப்ளர் அடித்து நீட்டினால் வேலை முடிந்தது. மூன்றாம் நாள் யாரும் அவரைத் தேடி வந்ததில்லை என்பது அவருடைய பெருமை.

இன்று வரிசையில் முதல் ஆள் பஸ் டிரைவர்.

"டாக்டரய்யா, தொண்டை கட்டிக்கிச்சு. வழக்கமான கவர் ஒண்ணு."

மாமனார் கத்தரியை எடுத்தார். பூட்டைப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார்.

"எத்தனை நாளா அண்ணே?" என்றாள் அவள்.

"நேத்து சாயங்காலத்திலேர்ந்து."

"காய்ச்சல் இருக்கா?"

"இல்ல. பேசினாத்தான் வலிக்குது."

"அப்ப பேசாதீங்க."

வரிசை சிரித்தது. டிரைவரும் சிரித்தார், வலித்தது, தொண்டையைப் பிடித்துக்கொண்டார்.

"வெந்நீர்ல உப்பு போட்டுக் கொப்பளிங்க. வலிக்கு மட்டும் ஒரு மாத்திரை தரேன். காய்ச்சல் வந்தாலோ, மூணு நாள்ல குறையலேன்னாலோ டாக்டரைப் பாருங்க. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். உங்களுக்கு வந்திருக்கிறது அனேகமா வைரஸ். அதை அது தொடக்கூட தொடாது."

"போன தடவை கேட்டுச்சேம்மா! ஒரே நாள்ல நின்னுடுச்சு. மிச்சத்தை வீட்டுக்காரிக்குக் கொடுத்தேன். அவளுக்கும் கேட்டுச்சு."

"அவங்களுக்கு என்ன?"

"பல்லு வலி."

"வேலை செஞ்சது வலி மாத்திரை அண்ணே. பேர் வாங்கிக்கிட்டது ஆன்டிபயாடிக்."

மாமனார் கத்தரியை மேஜை மேல் வைத்தார். வைத்தார் என்பதை விட அடித்தார் என்று சொல்லலாம்.

"முப்பத்தஞ்சு வருஷமா இந்தத் தெருவுக்கு நான் மருந்து கொடுக்குறேன். நான் ஆரம்பிச்சப்ப நீ பொறக்கவே இல்ல."

"பொறக்கலே மாமா. அந்தக் கிருமிங்களும் அப்ப பொறக்கலே. இப்ப இருக்கிறதுங்களுக்கு உங்க கவர் பழகிப்போச்சு."

வரிசையில் இரண்டாவதாக நின்ற தையல்காரம்மா சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டாள். அதுதான் மாமனாருக்குச் சுருக்கென்று தைத்தது.

"மணி பன்னெண்டு" என்றார் மெதுவாக. அவர் மெதுவாகப் பேசினால் வீட்டில் எல்லோரும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார்கள். "பன்னெண்டுக்குள்ள சாவி இந்த மேஜை மேல இருக்கணும். இல்லேன்னா நீ மாடியோட இருந்துக்க. கடைப்பக்கம் எறங்காதே. என் கடையில என்ன கொடுக்கணும்னு நேத்து வந்தவ எனக்குச் சொல்ல வேணாம்."

"சரி மாமா" என்றாள் மருமகள்.

எதற்குச் சரி என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

*

பத்தரைக்கு அவளுடைய போன் அடித்தது. அடுத்த தெரு லேப்.

"மேடம், மூணு நாள் முன்னாடி கொடுத்தீங்களே யூரின் சாம்பிள், கல்ச்சர் ரிப்போர்ட் ரெடி. நீங்களே வந்து பாருங்க. போன்ல சொல்ற மாதிரி இல்ல."

அந்தச் சாம்பிள் யாருடையது என்பது இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருத்தி மருமகள். இன்னொருத்தி மாமியார்.

மூன்று நாள் முன்பு, குளியலறைக் கதவைப் பிடித்தபடி வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்த மாமியாரை அவள்தான் பார்த்தாள். சிறுநீர் போனால் எரிச்சல். முதுகில் வலி. "எப்பவாவது வரும், அவர்கிட்ட உடம்பு வலின்னு சொன்னா ஒரு கவர் கொடுப்பார், போயிடும்" என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள் மாமியார். மருமகள் விடவில்லை. லேப் கொடுத்த டப்பாவில் சாம்பிள் வாங்கினாள். கவரை நிறுத்தச் சொன்னாள். அன்று சாயங்காலம்தான் அலமாரியையும் பூட்டினாள். ஆனால் கையில் அடித்து ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டுதான் மாமியார் டப்பாவையே தொட்டாள்.

"யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. முக்கியமா அவர்கிட்ட."

இப்போது லேப் மேஜையில் ரிப்போர்ட் கிடந்தது. பதினாலு மருந்துகளின் பெயர் வரிசையாக. பக்கத்தில் ஓர் எழுத்து. 'எஸ்' என்றால் அந்த மருந்துக்குக் கிருமி சாகும். 'ஆர்' என்றால் சாகாது.

ஆர். ஆர். ஆர். ஆர்.

அவள் விரலை வைத்து இறங்கிக்கொண்டே போனாள். அலமாரியில் அவள் பூட்டி வைத்திருந்த மருந்துகள் ஒவ்வொன்றாக அந்தப் பட்டியலில் வந்தன. எல்லாவற்றுக்கும் ஆர். கடைசியில் மூன்றே மூன்று எஸ். மூன்றும் ஊசி. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துத்தான் போட முடியும்.

"யாரு மேடம் இது?" என்றான் லேப்காரன். "ரொம்ப நாளா அரைகுறையா மாத்திரை தின்னவங்க மாதிரி இருக்கு."

"எங்க வீட்டு ஆள்" என்றாள் அவள். அதற்குள் தெருவில் இறங்கிவிட்டாள்.

*

கடைக்கு மேலேதான் வீடு. படியேறி அவள் உள்ளே நுழைந்தபோது மாமியார் கட்டிலில் இல்லை. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம். கதவுக்கு வெளியே வரைக்கும் கிருமிநாசினி லோஷன் வாசனை.

"அத்தை! கதவைத் திறங்க."

மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். முகம் வெளிறியிருந்தது. கையில் பச்சைப் பாட்டில்.

"இது எதுக்கு?"

"கழுவிக்கிறதுக்குத்தான். சுத்தமா இருந்தா வராதுன்னு... ரெண்டு மூடி ஊத்திக்கிட்டேன். வழக்கமா ஒண்ணுதான்."

"வழக்கமாவா? அத்தை, இது தரை துடைக்கிறது! பாட்டில்லயே போட்டிருக்கு. இதை ஊத்தினா தோல் வெந்துபோகும். எரிச்சல் இன்னும் கூடும். வெறும் தண்ணி போதும் அத்தை. இந்த வாசனை அடிச்சா சுத்தம்னு யார் சொன்னது?"

"உன் மாமாதான். கடையில எல்லாருக்கும் அப்படித்தானே சொல்லி விக்கிறார்?"

மருமகளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மாமியாரின் கையைப் பிடித்தாள். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போலச் சுட்டது. நாடி குதிரை மாதிரி ஓடியது.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. இப்பவே."

"வேணாம்."

"ரிப்போர்ட் வந்துடுச்சு. கடையில இருக்கிற எந்த மாத்திரையும் உங்களுக்குக் கேக்காது. கிருமி கிட்னி வரைக்கும் ஏறியிருக்குன்னு நினைக்கிறேன். ரத்தத்துல கலந்தா உசுருக்கே ஆபத்து அத்தை."

"வேணாம்னா வேணாம். மருந்துக்கடைக்காரர் பொண்டாட்டிக்கு அவர் மருந்தே கேக்கலேன்னு தெரு முழுக்கப் பேசும். அவர் மானம் போகும். அதுவும் எந்த இடத்துல வியாதின்னு கேப்பாங்க. நான் என்னன்னு சொல்லுவேன்?"

அப்போதுதான் படியில் ஷூ சத்தம். மகன், அதாவது மருமகளின் கணவன், வந்தான். மருந்துக் கம்பெனி ரெப். தோளில் எப்போதும் தொங்கும், சாம்பிள் மருந்து அடைத்த கறுப்புப் பை, முகத்தில் எப்போதும் தொங்கும் சமாதானம்.

"கீழே அப்பா கொதிச்சுக்கிட்டு இருக்கார். மணி பதினொண்ணேமுக்கால். சாவியைக் கொடுத்துடேன், ப்ளீஸ்."

"உங்கம்மாவைத் தொட்டுப் பாருங்க முதல்ல."

தொட்டான். கையை எடுத்தான்.

"காய்ச்சல்தானே? அப்பாகிட்ட சொல்லி ஸ்ட்ராங்கா ஒரு கவர்..."

"இன்னொரு தடவை கவர்ங்கிற வார்த்தை உங்க வாயிலேர்ந்து வந்துச்சு," என்றாள் அவள், "உங்களைத்தான் கவர்ல போட்டு ஸ்டேப்ளர் அடிப்பேன்."

ரிப்போர்ட்டை அவன் கையில் திணித்தாள். அவன் படித்தான். சமாதானம் முகத்திலிருந்து இறங்கியது. உடனே ஆட்டோ பிடிக்கப் போனான்.

மருமகள் கட்டிலில் மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தை, சத்தியத்தை நான் மீற மாட்டேன். கீழே கேட்டா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா உங்களைத் தூக்கிக்கிட்டாவது போவேன். கத்தினா கத்துங்க."

மாமியார் அவளையே பார்த்தாள்.

"தூக்குவியா? நான் எழுபது கிலோடி."

"அரிசி மூட்டைன்னு நினைச்சுக்குறேன்."

மாமியாரின் உதடு கோணியது. சிரிப்பா வலியா என்று சொல்ல முடியவில்லை. எழுந்து நின்றாள்.

*

வீட்டிலிருந்து தெருவுக்குப் போக ஒரே வழிதான். மாடிப்படி நேராகக் கடைக்குள் இறங்கும்.

மணி பன்னிரண்டு. கடை முன்னால் ஏழெட்டுப் பேர். காலையில் வெறுங்கையோடு போன தையல்காரம்மா இன்னொரு தடவை முயற்சி செய்ய வந்திருந்தாள். பஸ் டிரைவரும் திரும்பி வந்திருந்தார். மாமனார் படிக்கட்டின் கீழே, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து நின்றார்.

"எங்க கிளம்பியாச்சு?"

"ஆஸ்பத்திரிக்கு மாமா."

"யாருக்கு?"

மருமகள் பதில் சொல்லவில்லை. சத்தியம்.

"நான் குத்துக்கல்லாட்டம் இங்க நிக்கிறேன், என் பொண்டாட்டிக்கு ஆஸ்பத்திரியா? உடம்பு வலிதானே அவளுக்கு? சாவியைக் கொடு. ரெண்டு நாள் கவர் போட்டா எழுந்து உட்காருவா."

"உடம்பு வலி இல்ல."

சொன்னது மாமியார். அவள் இந்தக் கடையில் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை. ஆனால் கடை முன்னால் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

"ஒண்ணுக்குப் போனா எரியுது. ரெண்டு வருஷமா."

மாமனாரின் முகம் சிவந்தது. "ஏய், எதை எங்க பேசுறதுன்னு..."

"இங்கதான் பேசணும். இங்கதானே மருந்து கொடுக்குறீங்க? வெட்கப்பட்டுக்கிட்டு உடம்பு வலின்னு சொன்னேன். நீங்களும் என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கலே, கவரை நீட்டினீங்க. ரெண்டு நாள் நிக்கும். திரும்ப வரும். திரும்பக் கவர். மூணாம் நாள் யாரும் தேடி வரலேன்னு பெருமையாச் சொல்லுவீங்களே, நான் எங்க தேடி வர? நான் மாடியிலதானே இருக்கேன்? இப்ப அந்தக் கிருமிக்கு உங்க மாத்திரை ஒண்ணுகூட உறைக்கலையாம். காகிதத்துல அடிச்சுக் கொடுத்திருக்கான்."

டிரைவர் தொண்டையைக்கூடச் செருமவில்லை.

பிறகு வரிசையிலிருந்து ஒரு சின்னக் குரல்.

"எனக்கும்தான்க்கா" என்றாள் தையல்காரம்மா. "அதுக்குத்தான் காலையில வந்தேன். சளின்னு சொல்லலாம்னு இருந்தேன்."

"நீயும் ஏறு ஆட்டோவுல" என்றாள் மாமியார்.

மாமனார் மருமகள் பக்கம் திரும்பினார். "எல்லாம் உன் வேலை. மணி பன்னெண்டு ஆச்சு. சாவி எங்க?"

மருமகள் கோட்டுப் பாக்கெட்டில் கையை விட்டாள். சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தாள். கத்தரிக்குப் பக்கத்தில்.

"இந்தாங்க மாமா."

அவரே எதிர்பார்க்கவில்லை. ஒரு புன்னகை எட்டிப் பார்த்தது. அது முழுசாக வருவதற்குள் மருமகள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். சுவரில் மாட்டியிருந்த சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து, ஆணியிலிருந்து கழற்றினாள்.

"ஏய்! அது எதுக்கு?"

"சாவி உங்களோடது. இது என்னோடது. இந்தக் கவருக்கெல்லாம் என் பேர் காவல் நிக்காது மாமா."

"அது இல்லாம கடை..."

"திறக்க முடியாது. தெரியும்."

சட்டத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். மறு கையால் மாமியாரைத் தாங்கிக்கொண்டாள். வரிசை தானாக இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. பஸ் டிரைவர் ஓடிப்போய் ஆட்டோவின் பக்கத் தடுப்பைத் தூக்கிப் பிடித்தார். முன்னால் ஆட்டோக்காரர் பக்கத்தில் மகன் ஒண்டிக்கொண்டான். பின்னால் மூன்று பெண்கள். நடுவில் மாமியார். மடியில் சர்டிபிகேட்.

பின்னால் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

*

அவசரப் பிரிவில் இருந்த டாக்டரம்மாவுக்குப் பேச்சு குறைவு, வேகம் அதிகம். ரிப்போர்ட்டைப் பார்த்தார். மாமியாரின் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினார். எண்ணைப் பார்த்ததும் நர்ஸைக் கூப்பிட்டு ட்ரிப்ஸ் போடச் சொன்னார். தையல்காரம்மாவின் கையில் ஒரு டப்பாவைக் கொடுத்து, "முதல்ல டெஸ்ட், அப்புறம் மருந்து" என்று லேப் பக்கம் அனுப்பினார்.

"பிரஷர் ரொம்ப எறங்கியிருக்கு. இன்பெக்ஷன் மட்டும் இவ்வளவு எறக்குதான்னு சந்தேகமா இருக்கு. என்னென்ன மாத்திரை சாப்பிட்டாங்க?"

"கவர்" என்றாள் மாமியார்.

"கவர்னா?"

மருமகள் விளக்கினாள். டாக்டரம்மாவின் புருவம் ஏறியது.

"அந்தக் குட்டி வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டுதானே? எத்தனை மாசம்? என்ன அளவு? எப்ப நிறுத்தினாங்க?"

"மூணு நாள் முன்னாடி. நான்தான்..." மருமகளின் குரல் உடைந்தது. "நான்தான் கவரை நிறுத்தச் சொன்னேன். எப்பவாவதுன்னு சொன்னாங்க."

"எப்பவாவது இல்லடி" என்றாள் மாமியார், கண்ணைத் திறக்காமல். "இந்த ஆறு மாசமா தினம்தான். உன்கிட்ட சொல்ல வெட்கமா இருந்துச்சு."

தினமும் ஸ்டீராய்டு. மாசக்கணக்கில் சாப்பிட்ட உடம்பு, திடீரென்று நிறுத்தினால் தன்னால் சமாளிக்காது. படித்த பாடம். படித்த அவளே கேட்கவேண்டியதைக் கேட்காமல் விட்டிருக்கிறாள். மாமனாரைப் போலவே.

"அழுறதுன்னா அப்புறம் அழுங்க" என்றார் டாக்டரம்மா. "நின்னுபோன ஸ்டீராய்டுக்கு இப்பவே ஊசி போடுறேன். ஆனா எனக்கு முழுக் கணக்கு வேணும். எந்த ஆன்டிபயாடிக், எத்தனை நாள், கடைசியா எது. அதை வச்சுத்தான் ரிப்போர்ட்ல இருக்கிற மூணு ஊசியில எதைத் தொடறதுன்னு முடிவு பண்ணணும். கவர் மேல எழுதியிருக்குமே?"

கவர் மேல் எதுவும் எழுதியிருக்காது. கணக்கு ஒரே ஒரு ஆளின் தலைக்குள் இருந்தது. அந்த ஆள் மூடிய ஷட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

மருமகள் போன் போட்டாள். எட்டாவது தடவை மணி அடித்தபோது எடுத்தார்.

"மாமா, அத்தைக்குக் கொடுத்த செட்ல என்னென்ன இருந்துச்சுன்னு டாக்டர் கேக்குறாங்க."

"ஊரே பார்க்க என் சுவத்தைக் காலி பண்ணிட்டுப் போனியே. இப்ப நான் வேணுமா?"

"வேணும் மாமா. சொல்லுங்க."

"சொல்லி, அதை அந்த டாக்டரம்மா எழுதி, நாளைக்கு எவனாவது வந்து என் கையில விலங்கு மாட்டவா?"

மாமியார் கையை நீட்டினாள். ட்ரிப்ஸ் குழாய் ஆடியது. மருமகள் போனைக் காதில் வைத்துப் பிடித்தாள்.

"நான்தான்" என்றாள் மாமியார். மூச்சு வாங்கியது. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக வந்தது. "இத்தனை வருஷமா நீங்க கொடுத்ததை என்னன்னு கேக்காம முழுங்கினேன். இன்னைக்குக் கேக்குறேன். சொல்லுங்க. இல்லேன்னா நான் செத்தா எதுனால செத்தேன்னு நீங்கதான் தெருவுக்குச் சொல்லணும். அப்ப என்ன சொல்லுவீங்கன்னு யோசிச்சுக்குங்க."



போனில் மாமனாரின் குரல் வந்தது. இதுவரை அவர்கள் கேட்டிராத குரல்.

"எழுதிக்கச் சொல்லு."

மருமகள் ஸ்பீக்கரைப் போட்டாள். பேனாவை எடுத்தாள். வெள்ளை மாத்திரையின் அளவைச் சொன்னார். ஆறு மாதம், தினமும் ஒன்று. அவள் எழுதினாள். டாக்டரம்மா எட்டிப் பார்த்துவிட்டு நர்ஸிடம் இரண்டு வார்த்தை சொன்னார். ஊசி தயாரானது. பிறகு ஆன்டிபயாடிக் பெயர்கள். போன வருடத்து ஒன்று. அதற்கப்புறம் மாற்றிய இன்னொன்று. கேட்கக் கேட்கக் காகிதம் நிறைந்தது.

"கடைசியா ஒரு மாசமா கொடுத்தது..." அவர் தயங்கினார். பெயரைச் சொன்னார்.

மருமகளின் பேனா நின்றது.

பெரிய ஆஸ்பத்திரியில், வேறு எதுவும் கேட்காதபோது மட்டும் எழுதுகிற மருந்து. அவள் இந்தக் கடைக்கு வந்த நாளிலிருந்து ஒரு அட்டைகூட வாங்கியதில்லை.

"மாமா, அது நம்ம அலமாரியிலயே கிடையாது. எங்கேயிருந்து வந்துச்சு?"

"சாம்பிள்."

"யார் கொடுத்த சாம்பிள்?"

"உனக்குத் தெரியாதா?" என்றார் மாமனார். "என் பையன் பையைத் தவிர வேற எங்கேயிருந்து வரும்? எனக்கு மட்டுமா கொடுத்தான்? எத்தனை கடைக்குக் கொடுத்திருக்கான்னு அவனைக் கேளு."

மருமகள் நிமிர்ந்தாள். வார்டு வாசலில், கறுப்புப் பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு அவளுடைய கணவன் உட்கார்ந்திருந்தான். ஸ்பீக்கரில் வந்தது அவனுக்கும் கேட்டிருந்தது. பையின் ஜிப்பை மட்டும் இழுத்து மூடினான்.

"யார் கொடுத்ததுன்னு ஒரு பேர் போடணும்" என்றார் டாக்டரம்மா, காகிதத்தைத் தட்டி. "போடுறீங்களா, காலியா விடுறீங்களா?"

மருமகள் மாமியாரைப் பார்த்தாள். பெற்றவள் அவள்.

மாமியார் மகனைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள்.

"எழுது" என்றாள்.

மருமகள் கணவனின் பெயரை எழுதினாள்.